கரையில் மட்டும் வந்த புகையிலை ஆசை: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

நான் திருகோணமலை நகரை அண்டிய கரையோரக் கிராமங்களில் உளசமூகப் பணி செய்பவள். இங்கே பதிவு செய்வது 52 வயதான ஒரு கரைவலைத் தொழிலாளியின் கதை. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை.

அவர் வலை இழுக்கும் கரையில் நின்று தெற்கே பார்த்தால் கோணேசர் மலை தெரியும். 16 வயதில் அப்பாவோடு வலைக்கு வந்தவர். புகையிலை போட்ட வெற்றிலையும் அதே வயதில்தான் தொடங்கியது. விடியற்காலை நாலரைக்குக் கரையிலுள்ள வாடியில் (மீனவர் கொட்டிலில்) முதல் வாய் வெற்றிலை, இரவு படுக்கப் போகும்முன் கடைசி வாய். சுருட்டோ பீடியோ இல்லை. இடுப்பில் கொட்டைப்பெட்டி, அதற்குள் பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகம். அந்தக் கரண்டகம் அவருடைய அப்பாவுடையது.

மார்ச் மாதம் வலையில் வந்த திருக்கை முள் குத்தி, புண் பழுத்து, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். அங்கே ஒரு டொக்டர் அவருடைய இடது கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் இருப்பதைக் கண்டு பல் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். சிறு துண்டு வெட்டிப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் அந்தத் திசையில் போகக்கூடிய மாற்றங்கள் இருக்கின்றன, புகையிலையை உடனே நிறுத்த வேண்டும் என்று முடிவு வந்தது. அப்புறம்தான் என்னிடம் அனுப்பினார்கள்.

## முதலில் கவனித்தவை

அவருடைய மனைவி முதல் சந்திப்பிலேயே ஒன்றைச் சொன்னார். "ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் ஒரு வாய் வெத்திலை இல்லாமக் கிடந்தவர் தங்கச்சி. இஞ்ச வந்து ஏன் ஏலாமப் போச்சு? மனம் வைக்கேல்ல, அவ்வளவுதான்."

அவர் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் மூன்று நாள் தலையிடி, நித்திரை இல்லை, பக்கத்துக் கட்டில்காரரோடு எரிச்சல். நாலாம் நாளிலிருந்து அந்த நினைவே பெரிதாக இல்லை என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலையில் புண்ணோடு கரைக்கு நடந்தார், வலையைப் பார்க்க மட்டும். வாடியில் கால் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வாயில் வெற்றிலை. "கரைக்குப் போனாக் கை தானாப் போகுது" என்று மட்டும் சொன்னார்.

நிக்கொட்டின் இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். இரண்டு நாளில் உடம்பில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. ஆகவே மூன்றாம் நாள் வாடியில் அவருடைய கையை இழுத்தது உடம்பிலிருந்த நிக்கொட்டின் அல்ல. இந்தக் கேள்வியை அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

## முதல் திட்டமும் அதன் பிழையும்

நான் போட்ட முதல் திட்டம் எல்லோரும் போடுவதுதான். ஒவ்வொரு வாய்க்கும் வைக்கும் புகையிலைத் துண்டைச் சிறிதாக்கிக்கொண்டு போவது, நான்கு வாரத்தில் நிறுத்துவது. நிக்கொட்டின் சுவிங்கம் அவருடைய வருமானத்துக்குக் கட்டாது என்பதால் அதை விட்டோம்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் துண்டு பாதியாகியிருந்தது. ஆனால் நாளுக்கு 15 வாய் போட்டவர் 19 வாய் போட்டுக்கொண்டிருந்தார். சுண்ணாம்பும் கூடியிருந்தது. சுண்ணாம்பு வாய்நீரைக் காரத்தன்மையாக்கும். அப்போது நிக்கொட்டின் மின்னேற்றம் இல்லாத வடிவத்துக்கு மாறி, கன்னத் தோல் வழியாகச் சுலபமாக உள்ளே போகும். அவர் இதையெல்லாம் தெரிந்து செய்யவில்லை. உடம்பு தனக்கு வேண்டிய அளவைத் தேடிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் விலங்கு ஆய்வுகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அவை மருந்துக் கம்பனிகளுக்கான சங்கதி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

## எலிகள் காட்டியவை

பரிசோதனையின் அமைப்பு எளிது. எலியின் கழுத்து நாளத்தில் மெல்லிய குழாய் பொருத்தப்பட்டிருக்கும். கூட்டுக்குள் இரண்டு நெம்புகோல்கள். ஒன்றை அழுத்தினால் குழாய் வழியே சிறிதளவு நிக்கொட்டின் போகும். மற்றதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. எலி எதை, எத்தனை தரம் அழுத்துகிறது என்று எண்ணுவார்கள். யாரும் அதற்கு ஊட்டுவதில்லை, தானே எடுத்துக்கொள்கிறது. "தானே எடுத்தல்" என்பதுதான் இந்த முறையின் உயிர்.

நீண்ட காலமாக ஆய்வாளர்களுக்கு இது ஒழுங்காக அமையவில்லை. கொக்கெயினுக்கு விழுந்தடித்து நெம்புகோலை அழுத்தும் விலங்கு நிக்கொட்டினுக்கு அப்படிச் செய்யவில்லை. 1981இல் கோல்ட்பேர்க்கும் அவருடைய சகாக்களும் அணில் குரங்குகளில் அதைத் தெளிவாகக் காட்டினார்கள். 1989இல் கனடாவில் கொரிகாலும் கோவனும் எலிகளில் காட்டினார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே கூட்டில் விட்டார்கள். ஒரு தடவைக்கு, எலியின் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.03 மில்லிகிராம் அளவில் கொடுத்தார்கள். அதற்குப் பின் பல ஆய்வுகூடங்கள் இதே வழியில் போயின.

அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தபோது அழுத்தும் எண்ணிக்கை கவிழ்த்த தோணி போல ஒரு வளைவாக வந்தது. மிகக் குறைந்த அளவுக்கும் ஆர்வம் குறைவு, மிகக் கூடிய அளவுக்கும் குறைவு. உச்சியைத் தாண்டிய பக்கத்தில் அளவைக் கொஞ்சம் குறைத்தால் எலி அதிக தரம் அழுத்தும். என்னுடைய ஆளின் 15 ஏன் 19 ஆனது என்பது இதை வாசித்தபோது விளங்கியது. மனிதருக்கும் எலிக்கும் அதே கணக்குத்தான் என்று சொல்லவரவில்லை. ஆனால் நான் அவரை ஏமாற்றுக்காரர் என்று ஒரு கணம் நினைத்தது தவறு.

அதைவிட என்னை நிறுத்தியது இன்னொன்று. அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் கஜியூலா, டொனி ஆகியோரின் குழு 2001இலும் அதற்குப் பின்னும் வெளியிட்ட ஆய்வுகள். நெம்புகோலை அழுத்தும்போது நிக்கொட்டினோடு கூட ஒரு சிறு விளக்கு ஒரு விநாடி எரியும். அந்த விளக்கை எடுத்துவிட்டு நிக்கொட்டினை மட்டும் கொடுத்தபோது அழுத்துவது கணிசமாக விழுந்தது. நிக்கொட்டினை எடுத்துவிட்டு விளக்கை மட்டும் விட்டபோதோ, எலிகள் பல நாட்கள் அழுத்திக்கொண்டே இருந்து மெதுவாகத்தான் குறைத்தன. இரண்டும் சேர்ந்திருந்தபோதுதான் முழு வேகம். 2003இல் டொனி காட்டியது இன்னும் ஒரு படி மேலே. எலி எதை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் நிக்கொட்டின் தன்பாட்டில் உடம்புக்குள் போய்க்கொண்டிருக்க, நெம்புகோலுக்கு வெறும் விளக்கு மட்டும். அப்போதும் அந்த விளக்குக்காக எலிகள் விடாமல் அழுத்தின. நிக்கொட்டின் தான் தரும் இன்பத்தோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னவற்றின் இனிப்பையும் கூட்டிவிடுகிறது.

இதை வாசித்த இரவு எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பித்தளைக் கரண்டகம். அதன் மூடி "டிக்" என்று திறக்கும் சத்தம்.

## குறிப்பேடு

ஏப்ரலில் திட்டத்தை நிறுத்திவிட்டு, பத்து நாள் எதையும் குறைக்காமல் எழுத மட்டும் சொன்னேன். அவருக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. 15 வயது மகன் எழுதினான். எந்த நேரம், எங்கே, யாரோடு, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார், நான்கே கட்டங்கள்.

பத்து நாளில் 148 வாய். அவற்றில் 97 கரையிலும் வாடியிலும். வலை வளைத்துவிட்டுக் கயிறு பிடிக்கும்முன் ஒன்று, வலையின் மடி கரையேறியதும் ஒன்று, மீன் பிரிக்கும்போது, சம்மாட்டி (வலையின் சொந்தக்காரர்) கணக்குப் பார்க்கும்போது. நடுவில் மகளின் கடவுச்சீட்டு வேலையாக இரண்டு நாள் கொழும்புக்குப் போயிருந்தார். அந்த இரண்டு நாளிலும் சேர்த்து ஐந்து வாய் மட்டும். கொட்டைப்பெட்டி முழுநேரமும் இடுப்பிலேயே இருந்தது. யாரும் தடுக்கவில்லை.

மனைவியிடம் இந்தத் தாளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "அப்ப இவர் எங்களை ஏமாத்தேல்ல" என்றார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒரு தாள் அது.

மகனுக்கு வேறு சந்தேகம். "எலியும் மனுசனும் ஒண்டா மிஸ்?" நியாயமான கேள்வி. 1980களின் தொடக்கத்தில் பிலிப் மொறிஸ் கம்பனிக்குள்ளேயே விக்டர் டிநோபிள், போல் மீல் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகள் நிக்கொட்டினுக்காக நெம்புகோலை அழுத்துவதைக் கண்டார்கள். 1983இல் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிக் கம்பனி உத்தரவிட்டது. 1984 ஏப்ரலில் ஆய்வுகூடத்தையே மூடியது. பத்து வருடம் கழித்து, 1994 ஏப்ரலில், ஏழு புகையிலைக் கம்பனித் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரசின் முன் நிக்கொட்டின் அடிமையாக்காது என்று தாம் நம்புவதாகச் சொன்னார்கள். அதே மாதக் கடைசியில் டிநோபிள் வந்து தான் கண்டதைச் சாட்சி சொன்னார். "எலிக்கும் மனுசனுக்கும் சம்பந்தம் இல்லையெண்டால் ஏன் தம்பி ஒளிச்சவங்கள்?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பின் குறிப்பேட்டைக் கவனமாக எழுதினான்.

## இரண்டாவது திட்டம்

கரைக்குப் போகாதே என்று சொல்வது இலகு. அது அவருடைய சோறு. தவிர, தவிர்ப்பதால் ஆசை அடங்கும் என்பதை ஆய்வுகளும் ஆதரிக்கவில்லை. 2008இல் நெதர்லாந்தில் செய்த ஒரு பரிசோதனையில், ஒரு கூட்டில் நிக்கொட்டினுக்குப் பழகிய எலிகளை வேறொரு கூட்டில் வைத்து அழுத்தும் பழக்கம் அடங்கும்வரை விட்டார்கள். பழைய கூட்டில் திரும்ப வைத்ததும் அழுத்தத் தொடங்கின. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், வாடியில் பதினைந்து நிமிடம். பழக்கம் அடங்க வேண்டுமென்றால் அது கரையிலேயே அடங்க வேண்டும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தூண்டுதல்களுக்கு முன்னால் இருத்திப் பழக்கும் முறை மனிதரிடம் சீரான பலன் தந்ததில்லை. பெரும்பாலும் கிளினிக் அறைக்குள் செய்ததால் இருக்கலாம் என்ற வாதம் ஆய்வாளர்களிடமே இருக்கிறது. ஆகவே இதை ஒரு முயற்சியாகத்தான் அவரிடம் சொன்னேன், மருந்தாகச் சொல்லவில்லை.

மே நடுப்பகுதியில் தொடங்கினோம். முதல் ஒரு வாரம் வலை இழுக்காத பின்னேரங்களில் வாடியில் போய் இருந்தோம். அவர், நான், சில நாள் மனைவியும். கரண்டகம் கையில், ஆனால் காலி. திறப்பார், மூடுவார். முதல் நாள் முகம் வியர்த்துவிட்டது. நாற்பது நிமிடம் இருப்போம், ஆசை ஏறி இறங்கும்வரை. ஏழாம் நாள் அதைத் திறந்து மூடிக்கொண்டே என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருந்த ஒரு பின்னேரம் மணலில் விரலால் எலிக் கூட்டைக் கீறிக் காட்டினேன். நெம்புகோல், விளக்கு எல்லாம். கவனமாகக் கேட்டார். பிறகு கேட்டார், "கடைசியில அந்த எலிகளுக்கு என்ன நடந்தது தங்கச்சி?" ஆய்வு முடிந்ததும் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள் என்று உண்மையைச் சொன்னேன். "எலியெண்டாலும் உயிர்தானே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். எனக்கும் அந்தப் பரிசோதனைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. அந்த விலை கொடுத்துக் கற்றவை ஆய்விதழ்களுக்குள் கிடக்க, நாங்கள் இங்கே "மனம் வை, மனம் வை" என்று ஆட்களைத் திட்டிக்கொண்டிருப்பது அதைவிட மோசம் என்று நினைக்கிறேன்.

வேலை நேரத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதை அவரே கண்டுபிடித்தார். இளவயதில் கயிறு இழுக்கும்போது அம்பா பாடுவதில் அவர் முன்னணி. அவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்லி இழுப்பார்களாம். வெற்றிலை கூடக் கூட வாய் திறப்பதே குறைந்து, பாட்டு நின்றுபோனது. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அம்பா பாட முடியாது. கயிறு பிடிக்கும் நேரத்தில் திரும்பவும் அடி எடுத்துக் கொடுக்கிறேன் என்றார். மடி கரையேறியதும் வழக்கமான வெற்றிலைக்குப் பதிலாகப் பிளேன்டி (பால் இல்லாத தேநீர்). கொட்டைப்பெட்டி வீட்டில். புகையிலையை ஒரே நாளில் முற்றாக நிறுத்துவது, அளவு குறைக்கும் விளையாட்டு இல்லை.

## நிறுத்திய பின்

முதல் நாலைந்து நாள் கடினம். தலையிடி, கோபம் என்பவை எதிர்பார்த்தவை. எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "தேத்தண்ணி தேத்தண்ணியா இல்ல. மீன் நிறைய விழுந்தாலும் சந்தோசமா இல்ல. கடலே சப்பெண்டு இருக்கு." 1998இல் எலிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். நிக்கொட்டினைத் தொடர்ந்து கொடுத்துத் திடீரென நிறுத்தியபோது, மூளை இன்பத்தை உணரும் வாசல் உயர்ந்துவிட்டது. முன்பு போதுமாக இருந்த தூண்டுதல் போதாமல் போனது. சில நாட்களில் அது பழைய நிலைக்கு வந்தது. இதைத்தான் அவரிடம் சொன்னேன். கடல் மாறவில்லை, அளக்கும் படி கொஞ்ச நாளைக்குப் பெரிதாகிவிட்டது, திரும்பும். பத்தாம் நாள் அளவில் தேநீர் ருசிக்கிறது என்றார். எலிகளைவிட நாள் கூடத்தான் எடுத்தது.

ஏழு வாரம் புகையிலை இல்லை.

## ஜூலை

ஜூலையில் ஒரு நாள் வலை கடலடிப் பாறையில் சிக்கிக் கிழிந்தது. திருத்தும் செலவில் பங்கு யாருக்கு என்று சம்மாட்டியோடு வாக்குவாதம். அன்று பின்னேரம் பக்கத்து வாடியில் ஒருவரிடம் வாங்கி ஒரு வாய் போட்டார். அடுத்த மூன்று நாளில் பழைய கணக்குக்கு வந்துவிட்டார். மனைவி என்னைக் கூப்பிட்டு அழுதார்.

1999இல் புசெக்கும் அவருடைய சகாக்களும், நிக்கொட்டின் இல்லாமல் பழக்கம் அடங்கிப்போன எலிகளுக்குக் காலில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். நிக்கொட்டினுக்கான நெம்புகோலைத் திரும்ப அழுத்தத் தொடங்கின. சீனிக் கரைசலுக்குப் பழகிய எலிகளில் அப்படி நடக்கவில்லை. இந்த ஆய்வை நான் மே மாதமே வாசித்திருந்தேன். வாசித்தும் அவரிடமோ மனைவியிடமோ சொல்லவில்லை. நம்பிக்கையைக் குலைத்துவிடுமோ என்ற பயம். இந்த நிகழ்வில் நான் விட்ட மிகப் பெரிய பிழை இது. ஒரு வாய் மூன்று நாளானதற்குக் காரணம் நிக்கொட்டின் மட்டும் அல்ல. "இனி எல்லாம் முடிஞ்சுது, வீட்டில முகம் காட்டேலாது" என்ற எண்ணமும்தான். முன்பே சொல்லியிருந்தால் அந்த எண்ணம் இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

நாலாம் நாள் மூவரும் இருந்து கதைத்தோம். திட்டம் மாறவில்லை, ஒன்று சேர்ந்தது. பிரச்சினை நடந்த நாளில் நேராக வீட்டுக்கு வருவது, மனைவி எதையும் கேட்காமல் தேநீர் வைப்பது. சிறிய விஷயம்தான். ஆனால் ஆகஸ்டில் திரும்ப ஒரு வாக்குவாதம் வந்தபோது அது வேலை செய்தது.

## பிப்ரவரி வரையான நிலை

ஜூலைக்குப் பின் பிப்ரவரி வரை புகையிலை இல்லை. மாரிக் கடல் கொந்தளித்துத் தொழில் இல்லாத மாதங்கள் எனக்குப் பயமாக இருந்தன. மாறாக அவை இலகுவாகக் கடந்தன. வாடி இல்லை, கயிறு இல்லை, ஆசையும் குறைவு. உண்மையான சோதனை பிப்ரவரியில் வலை திரும்ப இறங்கியபோதுதான். முதல் காலை நானும் கரையில் நின்றேன். வாடிக்குள் போய் வெளியே வந்தார், கயிற்றைப் பிடித்தார், அம்பா தொடங்கியது.

இரண்டாவது துண்டுப் பரிசோதனையில் மாற்றங்கள் கூடவில்லை. வெள்ளைப் படலம் சிறிதாகியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் தொடர்கிறது.

பாக்கு முழுதாகப் போகவில்லை. கலியாண வீடு, கோயில் என்று மாதத்தில் இரண்டு மூன்று தரம் புகையிலை இல்லாமல் வெற்றிலை பாக்குப் போடுகிறார். இது பாதுகாப்பானது அல்ல. புகையிலை சேராத வெற்றிலை பாக்குக் கலவையும், பாக்குத் தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்திவிட்டது. பாக்கிலுள்ள அரெக்கொலின், நிக்கொட்டின் போய் ஒட்டும் அதே ஏற்பிகளில் ஓரளவு வேலை செய்கிறது என்று 2015இல் ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். அந்த வாசல் முழுதாகப் பூட்டப்படவில்லை.

## இனி வேறு விதமாகச் செய்வது

குறிப்பேட்டை முதல் நாளே தொடங்குவேன். ஆளை அலுவலகத்துக்கு அழைத்துக் கதைத்த ஆறு சந்திப்புகளைவிடக் கரையில் இருந்த ஒரு பின்னேரம் கூடப் பயன்பட்டது. சுண்ணாம்பையும் கரண்டகத்தையும் பற்றிக் கேட்காமல் புகையிலையை மட்டும் கேட்க மாட்டேன். சறுக்கலைப் பற்றி, அது வருவதற்கு முன், மனைவி இருக்கும்போதே கதைப்பேன். பாக்கையும் புகையிலையையும் ஒன்றாக எடுப்பேன். ஒன்றை முதலில் விடட்டும் என்று நான் விட்டது இப்போது அவருக்குச் சலுகை போலத் தெரிகிறது.

மகனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்பாவின் குறிப்பேட்டை எழுதிய பையன், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மாவா (பாக்கும் புகையிலையும் சேர்ந்த கலவை) வாங்குகிறான் என்பது டிசம்பரில்தான் தெரியவந்தது. இளம் பருவத்தில் நிக்கொட்டின் தொடங்கிய பெண் எலிகள், வளர்ந்த பின் தொடங்கியவற்றைவிடக் கூடுதலாக எடுத்தன, வளர்ந்தும் அப்படியே தொடர்ந்தன என்று 2003இல் லெவினின் குழு காட்டியது. அப்பா தொடங்கியதும் 16 வயதில். அவனோடு இரண்டு தரம் கதைத்திருக்கிறேன். தனக்கென்று ஒரு குறிப்பேடு எழுத இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனும் கயிறு இழுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறான். நானும் போகிறேன்.